ஆசீர்வாதத்தைவிட தேவனோடுள்ள உறவு மேலானது என்கிறார்களே, அதன் பொருள் என்ன?

சுகம், வேலை, பிள்ளை, வீடு எல்லாம் தேவன் தருபவை. உறவு என்பது அவரையே விரும்புவது; கேட்டது கிடைக்காத நாளிலும் அவரோடு பேசுவது. ஆசீர்வாதம் வரும், போகும், தேவன் மாறுவதில்லை. அதனால்தான் அத்திமரம் துளிர்விடாமல் போனாலும், தொழுவத்தில் மாடில்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார் ஆபகூக் தீர்க்கதரிசி (ஆபகூக் 3:17, 18). லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள். இயேசுவிடம் திரும்பி வந்தவன் ஒருவனே, அதுவும் யூதர்கள் அந்நியனாக ஒதுக்கிய ஒரு சமாரியன்.

ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் வேலை முடிந்து அப்பா வீடு திரும்புகிறார். பிள்ளை பையை மட்டும் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினால் பலகாரம் கிடைக்கும். அப்பாவோ வாசலிலேயே நிற்பார்.

வேலூர் சி.எம்.சி.யில் ஆபரேஷனுக்கு முந்தின இரவு விடாமல் ஜெபித்தவர்கள்கூட, டிஸ்சார்ஜ் ஆனபின் ஜெபத்தை விட்டுவிடுவதுண்டு. ஜெபம் முழுக்க விண்ணப்பமாகவே இருந்தால், தேவை தீர்ந்ததும் பேச ஒன்றும் மிஞ்சாது. இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தின் வரிசையைக் கவனியுங்கள் (மத்தேயு 6): முதலில் அவர் நாமம், ராஜ்யம், சித்தம்; ஆகாரம் நான்காவதாகத்தான் வருகிறது. தினமும் ஒரு சங்கீதம் வாசித்து, துதித்து, அதன்பின் கேளுங்கள்.

ஆசீர்வாதம் கேட்பதே தவறு என்று சிலர் எண்ணுகிறார்கள்; அப்படியில்லை, அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் இயேசுவேதான்.