மன்னிக்கப்படாத பாவம் எது? சுங்கை சிப்புட் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிறவனுக்கு ஒருபோதும் மன்னிப்பு இல்லை என்கிறது மாற்கு 3:29. வேதபாடத்தில் அந்த 3ஆம் அதிகாரம் வந்ததிலிருந்து, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) இதே பேச்சாக இருக்கிறது. மெத்தடிஸ்ட், லுத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று எல்லாத் தரப்பினரும் கேட்டிருக்கிறீர்கள். பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

செம்பனை லாரி ஓட்டுநர்: ஐயா, அந்தப் பாவம் என்னதான்? சுருக்கமா சொல்லுங்க.

இயேசு செய்தது தேவ ஆவியின் கிரியை என்று கண்ணெதிரே தெரிந்தும், அதைப் பிசாசின் வேலை என்று பிடிவாதமாகச் சொல்லி மனந்திரும்ப மறுப்பது. நடந்ததைப் பார்த்தால்தான் இது விளங்கும். மத்தேயு 12இல் பிசாசு பிடித்துக் குருடும் ஊமையுமாய் இருந்த ஒருவனை இயேசு சொஸ்தமாக்குகிறார். அவன் எல்லார் முன்னிலையிலும் பேசுகிறான், பார்க்கிறான். "இவர் தாவீதின் குமாரன்தானோ?" என்று ஜனங்கள் வியக்கிறார்கள். பரிசேயரோ, பிசாசுகளின் தலைவனாகிய பெயெல்செபூலைக் கொண்டுதான் பிசாசைத் துரத்துகிறான் என்கிறார்கள். மாற்கு இவர்களை எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் என்கிறார். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், விவரம் தெரியாதவர்கள் அல்ல.

பலர் மாற்கு 3:29ஐ மட்டும் படித்துவிட்டு நடுங்குகிறார்கள். முன்வசனத்தையும் பின்வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். 28இல் எல்லாப் பாவங்களும் எந்தத் தூஷணங்களும் மன்னிக்கப்படும் என்று வாசலை அகலத் திறக்கிறார். 30இல் அவர் ஏன் இப்படிச் சொன்னார் என்ற காரணம் இருக்கிறது: தமக்கு அசுத்த ஆவி இருக்கிறது என்று அவர்கள் சொன்னதால். மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் இதை இதே எல்லைக்குள்தான் விளக்கினார்: கிறிஸ்து பரிசுத்த ஆவியால் செய்த அற்புதங்களைப் பிசாசின் கணக்கில் எழுதுவது. அந்த வேதபாரகரைக்கூட இயேசு அருகே அழைத்து, உவமைகளால் எச்சரித்தார்.

பெயர் வேண்டாம் என்றவர்: குடிபோதையில் பைபிளைக் கிழிச்சு, ஆண்டவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிட்டேன்.

பாவம்தான், ஆனால் மன்னிக்கப்படும் பாவம். பேதுரு தண்ணி போடாமலே, சுயநினைவோடு சபித்துச் சத்தியம் பண்ணி மறுதலித்தார் (மத்தேயு 26:74). அவர் மறுபடியும் சேர்க்கப்பட்டார். மன்னிப்புக் கேளுங்கள், குடிக்கு உதவி தேடுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியை: பசார் பக்கம் கடைவீட்டு மாடியில் அந்நியபாஷையில் ஜெபிப்பதைக் கேட்டு "இது பேய்" என்று சொல்லிவிட்டேன், தம்பி. ஆவியானவரைத் தூஷித்துவிட்டேனா?

இல்லைம்மா. நீங்கள் சந்தேகப்பட்டது அந்தக் கூட்டத்தை. தேவனுடையது என்று தெரிந்தே அதை எதிர்க்கவில்லை. ஆவிகளைச் சோதித்தறியச் சொல்வது வேதமே (1 யோவான் 4:1). பவுல் சபையையே துன்பப்படுத்தியவர். தன்னைத் தூஷிக்கிறவன் என்று அவரே ஒப்புக்கொண்டு, அறியாமல் செய்ததால் இரக்கம் பெற்றேன் என்கிறார் (1 தீமோத்தேயு 1:13). அவர்கள் காதில் விழும்படி சொல்லியிருந்தால் நேரில் போய் வருத்தம் தெரிவியுங்கள்.

படிவம் ஐந்து மாணவி: அண்ணே, பரிசுத்த ஆவியைப் பத்திக் கெட்ட வார்த்தை தானா மனசுல வருது. உடனே "மன்னியும் மன்னியும்"னு சொல்றேன். திரும்பவும் வருது. புத்தகத்தைத் திறக்கவே பயமா இருக்கு.

தங்கச்சி, இதை நிதானமாகப் படி. நீ வெறுக்கிற ஓர் எண்ணம் உன் அனுமதி இல்லாமல் வந்தால் அது உன் தூஷணம் ஆகாது. கனமான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்பது கத்தோலிக்கப் போதனை. மற்றச் சபைகளின் நல்ல மேய்ப்பர்களும் இதையே சொல்வார்கள். இயேசு சபையைத் தொடங்கிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இப்படித்தான் தவித்தார். அறிக்கையிட்ட பழைய பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டார். அவருக்கு நிம்மதி வந்தது, பழையதை இனி அறிக்கையிடுவதில்லை என்று நிறுத்திய பிறகுதான்.

இந்தச் சுழல் இப்படித்தான் நடக்கிறது: எண்ணம் வருகிறது, பயம் ஏறுகிறது, "மன்னியும்" என்றதும் பயம் கொஞ்சம் இறங்குகிறது. அந்த நிம்மதியே மனதுக்கு, "அது நிஜமான ஆபத்துதான்" என்று கற்றுக்கொடுக்கிறது. அதனால் அடுத்த தடவை இன்னும் வேகமாக வரும். ஆகவே எண்ணம் வரும்போது அதோடு வாதாடாதே, எதிர்ஜெபம் சொல்லாதே, துரத்தவும் செய்யாதே. அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கையிலிருக்கும் கணக்கைத் தொடர்ந்து போடு. காலையும் இரவும் வழக்கமான ஜெபம் போதும், விட்டதை ஈடுகட்ட வேண்டாம். "நான் பண்ணிட்டேனா?" என்று பாஸ்டரிடமும் கூகுளிலும் மாறி மாறிக் கேட்பதை நிறுத்து. பயப்படுகிறவள் அந்தப் பாவத்தைச் செய்திருக்க மாட்டாள் என்பது உண்மை. ஆனால் அதையும் மருந்து மாதிரி தினமும் வாங்கிக் குடித்தால் பயம் வளரும். உன் பெற்றோரும் ஒரே பதிலைத் தினம் பத்துத் தடவை சொல்லாமல், "பதில் உனக்குத் தெரியும்" என்று அன்பாக நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இது பிடித்தால், அல்லது படிப்பும் தூக்கமும் கெட்டால், அது எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போ. குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். வருகிற எண்ணத்தை ஒளிக்காமல் சொல்லி, மனநல நிபுணரிடம் அனுப்பச் சொல். அங்கே பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி கிடைக்கும், தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். இந்த மருந்து முழுப் பலன் தர 8 முதல் 12 வாரம் ஆகலாம். இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதே. மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சைக் கேட்காதே.

கத்தோலிக்கப் பங்கு இளைஞர்: பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாலும் இதற்கு மன்னிப்பு இல்லையா?

சொல்ல வந்துவிட்டாலே நீங்கள் அந்தப் பாவத்தில் இல்லை. சாகும்வரை மனந்திரும்ப மறுப்பதே இப்பாவம் என்று புனித அகுஸ்தீன் விளக்கினார். தேவனுடைய இரக்கத்துக்கு எல்லை இல்லை, ஆனால் அதை வேண்டுமென்றே தள்ளுகிறவன் மன்னிப்பையே தள்ளுகிறான் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 1864).

புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்: மாமா வீட்டு முனியாண்டி பூசையில் விபூதி பூசி, படையல் சாப்பிட்டேன். எபிரெயர் 6இன்படி இனி எனக்கு வழியில்லையா?

விசுவாசத்திலிருந்து விழுந்துபோனவர்களை மறுபடியும் மனந்திரும்பச் செய்ய முடியாது என்கிற எபிரெயர் 6:4-6 பேசுவது கிறிஸ்துவை வெளிப்படையாக மறுத்து, அதிலேயே நிலைத்துவிடுவதைப் பற்றி. அந்த வாசகர்களிடமே 9ஆம் வசனத்தில், உங்களிடம் நன்மையானதையே நம்புகிறோம் என்கிறார். சபை வரலாறும் இதற்கு வழிகாட்டும். 250இல் பேரரசர் தேசியஸ் எல்லாரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளையிட்டார். பல கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள். ரோமாபுரியில் குருவாக இருந்த நொவாத்தியன், இவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் முதலானோரோ, தவம் செய்யவைத்துச் சேர்த்துக்கொள்ளும் வழியைத் தெரிந்தெடுத்தார்கள். சபை அவர்கள் பக்கமே நின்றது. உங்களுக்கு மன உறுத்தல் இருந்தால், படைத்த உணவைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 8, 10ஆம் அதிகாரங்களை மேய்ப்பரோடு உட்கார்ந்து படியுங்கள். மாமா வீட்டு உறவை முறிக்க வேண்டியதில்லை.

ஒரு தாய்: என் மகன் தன் உயிரைத் தானே எடுத்துக்கிட்டான். அவனுக்கு மன்னிப்பே இல்லைன்னு சாவு வீட்டிலேயே சொன்னாங்க.

அம்மா, அப்படிச் சொன்னது தவறு. தற்கொலைதான் மன்னிக்கப்படாத பாவம் என்று வேதத்தில் ஒரு வசனமும் இல்லை. 1917ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சட்டம் வேண்டுமென்றே தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது, 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடும் மனநோயும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், இவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் மறைக்கல்வி நூல் சொல்கிறது. உங்கள் மகனுக்காக அழுங்கள், ஜெபியுங்கள். உங்களுக்கே வாழ்க்கை வெறுத்தால் இரவு எந்நேரமும் மனத்துயரைக் கேட்டு உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணுக்குக் கூப்பிடலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. ஆகவே போலீசுக்குப் பயந்து யாரும் உதவி கேட்காமல் இருக்க வேண்டாம்.

சபைக் குழு உறுப்பினர்: காணிக்கைக் கணக்கு கேட்டால், "ஆவியானவருக்கு விரோதமாகப் பேசுறீங்க, மன்னிப்பு கிடையாது" என்று எங்கள் ஊழியர் சொல்கிறார்.

இந்த வசனத்தை அப்படிப் பயன்படுத்துவது கொடுமை. ஊழியரும் ஆவியானவரும் ஒன்றல்ல. பவுல் காணிக்கைப் பணத்தைக் கொண்டுபோகும்போது, யாரும் குறைசொல்லாதபடி மற்றவர்களையும் உடன் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21). கேள்வியை மரியாதையாக எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்ததும் உறவினர் அல்லாத இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட்டு, மறுநாளே பேங்கில் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். சபை சங்கப் பதிவு இலாகாவில் பதிந்திருந்தால் ஆண்டு அறிக்கையும் கணக்கும் இலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும், அதைப் பொதுக்கூட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் உங்கள் சபைப் பிரிவின் தலைமையகத்துக்கு எழுதுங்கள்.