வேலியில் ஒரு பொட்டு – கடிதம்

வணக்கம் ஐயா,

சாவகச்சேரியில் ஆசிரியையாக இருக்கிறேன். போன தையில் ஒரு சிறுகதைப் பட்டறைக்குப் போனேன். பாத்திரம், களம், முரண், கட்டமைப்பு, பார்வைக்கோணம் என்று ஐந்து அடிப்படைகள் சொல்லித் தந்தார்கள். ஐந்தையும் வைத்து, 1978இல் எங்கள் ஊரில் நடந்த ஒரு வேலிச் சண்டையை எழுதினேன். வாசித்தவர்கள், “நல்லாயிருக்கு, ஆனால் கதையாக வரேல்லை” என்கிறார்கள். இணைத்திருக்கிறேன். ஐந்தில் எது குறைகிறது? எது முக்கியம்?

ம.

அன்புள்ள ம.,

கதையை இரண்டு தரம் வாசித்தேன். ஐந்தும் இருக்கின்றன. ஆனால் செத்தவீட்டுக்கு வந்த பகைச் சொந்தங்கள் மாதிரி, ஒன்றையொன்று பார்க்காமல் ஆளுக்கொரு மூலையில் இருக்கின்றன.

எது முக்கியம் என்பதில் பழையவர்களே ஒத்துப்போகவில்லை. துன்பியல் நாடகத்தைப் பற்றிப் பேசிய அரிஸ்டாட்டில், நிகழ்ச்சிகளின் கோப்புத்தான் உயிர், பாத்திரம் அதற்கு அடுத்தது என்றார். தொல்காப்பியம் முதல், கரு, உரி என்கிறது: நிலமும் பொழுதும் முதல், அங்குள்ள மரமும் விலங்கும் தொழிலும் கரு, மனிதருக்குள் நடப்பது உரி. முதலைவிடக் கரு, கருவைவிட உரி சிறந்தது என்பது உரைகாரர் கணக்கு. அது பாட்டுக்குச் சொன்னது. சிறுகதைக்கு இழுக்கும்போது நானும் கதியாலை, அதுதான் வேலிக்கு நடுகிற உயிர்மரத் தடியை, கொஞ்சம் தள்ளித்தான் நடுகிறேன்.

உங்கள் முதல் பக்கம் முழுக்கப் பனை, கிணறு, கோயில் மணி. வடிவாக இருக்கிறது, வெட்டி எறிந்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. களம் வேலை செய்யவேண்டும். கதியாலை மாரியில் நடுகிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் ஒரு முழம் தள்ளி நட்டதை உடனே கேட்காவிட்டால் அது வேர்பிடித்துத் துளிர்த்துவிடும். பிறகு துளிர்த்த இடம்தான் எல்லை. ஆக, உங்கள் கதைநாயகி செல்லம்மாவுக்குச் சில நாள்தான் அவகாசம். உங்கள் கதையில் மழை சும்மா பெய்துகொண்டிருக்கிறது.

அப்புறம், மூன்றாம் பக்கத்தில் பொட்டைப் பற்றி, அதாவது வேலியில் ஆள் நுழைகிற இடைவெளியைப் பற்றி, ஒரு வரி: “இரு வீட்டுப் பெண்களும் வேலிப் பொட்டுக்குள்ளால்தான் போய்வருவார்கள்.” இதை எழுதிவிட்டு ஊர் அலுவலர் விதானை, நீதிமன்றக் கோடு, அரசாங்கக் கச்சேரி என்று ஏறப்போய்விட்டீர்கள். அந்தப் பொட்டுக்குள்ளால் குழம்புச்சட்டி போயிருக்கும், கைமாற்றுக்கு அரிசி வந்திருக்கும், அங்கால் வீட்டுப் பிள்ளை பெரியபிள்ளையான செய்தி முதலில் வந்ததும் அதற்குள்ளால்தான். சண்டைக்குப் பிறகு வேலி அடைக்கிற நாளை யோசியுங்கள். பின்னிய தென்னோலைக் கிடுகைப் பிடித்துக் கட்ட இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். அங்கால் வளவில் யார் நிற்பது? யார் போய்க் கேட்பது? வேலை மெல்ல மெல்லப் பொட்டுக்குக் கிட்ட வருகிறது. அடைக்கிறவர் திரும்பி, “பொட்டை விடட்டோ, அடைக்கட்டோ?” என்கிறார். செல்லம்மா பிடிவாதக்காரி என்று நாலு இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அவ வாய் திறக்க எடுக்கிற நேரத்தில் ஆளையே காட்டிவிடலாம்.

பார்வைக்கோணத்துக்குக் கனக்க மண்டையைப் போட்டு உடைக்கவேண்டாம். அங்கால் நின்று கயிற்றை வாங்கிக் கொடுக்கிற சின்னப் பெடியன் பார்த்தால் போதும் என்று எனக்குப் படுகிறது. கோட்டுப் பகுதியைத் துணிந்து எடுத்துவிடுங்கள். மூன்று பக்கம் மிச்சமாகும்.

அவ என்ன பதில் சொன்னா என்று எனக்கும் தெரியவேண்டும். எழுதி அனுப்புங்கள்.