அக்டோபர் வரை பொறுத்திருங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போக மாதம் 48,000 ரூபாய் கைக்கு வருகிறது. கணவர் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர், அவருக்கு 61,000. பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு ஆறு. பையன் பள்ளிக்கூடம் போகவே பயப்படுகிறான். இரண்டு பேரையும் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கலாம் என்று நானும் கணவரும் முடிவெடுத்துவிட்டோம். இந்த மே மாதத்தோடு வேலையை விடப் போகிறேன். வீட்டுக் கடன் 18 லட்சம் பாக்கி, மாதத் தவணை 21,500. வங்கி டெபாசிட் 6 லட்சம் இருக்கிறது. ஒரு சம்பளத்தில் ஓட்ட முடியுமா? மாமியார் ரொம்பவே பயப்படுகிறார்.
— ஒரு வாசகி, கோவை

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய வரவு செலவுக் கணக்கு உங்கள் மகனின் ரஃப் நோட்டில் கிழித்த தாளில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் அவன் போட்ட வகுத்தல் கணக்கு. மூன்று தடவை அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு, இந்த முடிவு சரியா என்று உங்களிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. எப்போது, எப்படி என்பதை மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஆறுதலான விஷயம். உங்கள் வீட்டில் 48,000 ரூபாய் பள்ளம் விழாது. இரண்டு பேருக்கும் பள்ளிக் கட்டணம் வருடம் 1,45,000, அதாவது மாதம் 12,000. வேன் 2,400. மாலையில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு 4,000. நீங்கள் ஆபீஸ் போய்வர 2,500. இந்த 21,000 ரூபாய் நீங்கள் வேலையை விட்டதும் நின்றுவிடும். புத்தகம், நீச்சல் வகுப்பு, அங்கே இங்கே கூட்டிப் போவது என்று புதிதாக ஒரு 5,000 வரும். ஆக நிஜமான பள்ளம் 32,000.

ஆனால் உங்கள் சம்பளச் சீட்டில் எழுதாத சம்பளம் ஒன்று இருக்கிறது. உங்கள் தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கவலை அங்கேதான்.

கணவரின் கம்பெனியில் மருத்துவக் காப்பீடு கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நால்வரும், சர்க்கரை நோய் உள்ள 66 வயது மாமியாரும் உங்கள் ஆபீஸ் காப்பீட்டில்தான் இருக்கிறீர்கள். நீங்கள் விலகும் நாளோடு அது முடிந்துவிடும். புதிதாக பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரைகூடக் காத்திருக்கச் சொல்வார்கள். அதனால் ஆபீஸ் காப்பீடு கையில் இருக்கும்போதே, இந்த மாதமே, குடும்பத்துக்கு ஒன்றும் மாமியாருக்குத் தனியாக ஒன்றும் எடுத்துவிடுங்கள். காத்திருப்புக் காலம் இப்போதே ஓடத் தொடங்கும். ஆபீஸ் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டா என்றும் எச்.ஆரிடம் கேளுங்கள். விலகிய பிறகு கேட்டால் அந்தக் கதவு மூடியிருக்கலாம். கணவர் பெயரில் ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது அவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, கட்டாயம். உங்கள் பெயரிலும் ஒன்று, சம்பளம் வரும்போதே. இல்லத்தரசிக்குப் பெரிய தொகைக்குக் கொடுக்க நிறுவனங்கள் தயங்குகின்றன.

அடுத்தது பி.எஃப். உங்கள் பிடித்தம் 3,120. நிறுவனமும் அதே அளவு போடுகிறது. அதில் 1,250 பென்ஷனுக்கு, மீதி 1,870 உங்கள் கணக்குக்கு. மாதம் 6,240 ரூபாய் உங்களுக்குத் தெரியாமலே சேர்ந்துகொண்டிருந்தது. வேலையை விட்ட கையோடு அதை எடுத்து எதையாவது அடைத்துவிடாதீர்கள். எடுக்காமல் விட்டாலும் வட்டி ஏறும். விலகிய பிறகு வரும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு. பழைய கம்பெனியின் கணக்கு இதோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்த்து எட்டு வருடம் என்கிறீர்கள். பென்ஷனுக்குப் பத்து வருடம் வேண்டும். பென்ஷன் பணத்தை வாங்கிவிடாமல், இத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்று பி.எஃப். அலுவலகம் தரும் ஸ்கீம் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்தால், பின்னால் எப்போதாவது வேலைக்குப் போகும்போது இந்த எட்டும் கணக்கில் வரும்.

இனி தேதிக்கு வருகிறேன். இந்த நிறுவனத்தில் நீங்கள் சேர்ந்தது ஓர் அக்டோபர் மாதம். மே முடிவில் நான்கு வருடம் ஏழு மாதம். வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் வேண்டும். உங்கள் அடிப்படைச் சம்பளம் 26,000. அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 15,000, ஐந்து வருடத்துக்கு 75,000 ரூபாய். ஐந்து மாத அவசரத்தில் அதை விட்டுவிட்டுப் போகப் போகிறீர்கள்! நான்கு வருடமும் 240 நாளும் முடிந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆனால் எல்லா நிறுவனங்களும் அதை மதித்துக் கொடுப்பதில்லை. வழக்காடிக்கொண்டா பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர முடியும்? ஐந்தை முழுசாக முடித்துவிட்டு வாருங்கள்.

பையன் இன்னும் ஐந்து மாதம் அங்கே போக வேண்டுமா என்று உங்களுக்கு வலிக்கும், தெரியும். பள்ளியில் ஒரு தவணைக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். காலாண்டுத் தேர்வு வரைக்கும்தான் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். முடிவு தெரிந்தால் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். அதுவும் முடியாத அளவுக்குப் பயம் என்றால், அவனை மட்டும் இப்போதே நிறுத்தி பாட்டியுடன் வீட்டில் விடுங்கள். ஐந்து மாதம் பாடமே படிக்காவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

இந்த ஐந்து மாதமும் உங்கள் சம்பளத்தைக் குடும்பச் செலவுக்குத் தொடாதீர்கள். பள்ளியின் அந்த ஒரு தவணை, வேன், ஆபீஸ் போக்குவரத்து, பாப்பாவின் செலவு, ஏலச்சீட்டுக்குக் கட்டும் 5,000, இவற்றை மட்டும் அதிலிருந்து கொடுங்கள். மற்றதெல்லாம் கணவர் சம்பளத்தில் நடக்கட்டும். அக்டோபர் முடிவில் உங்கள் கணக்கில் சுமார் 1,20,000 நிற்கும். ஒரு சம்பளத்து வாழ்க்கை எங்கே இடிக்கிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். சீட்டில் எட்டு மாதம் பாக்கி என்றீர்கள், அதுவும் மூன்றாகக் குறைந்திருக்கும். எடுத்த சீட்டை நடுவில் நிறுத்த முடியாது, ஆகவே அந்த மூன்று மாதத்துக்கான 15,000ஐ அந்த 1,20,000இலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம் வீட்டுக் கடன். டெபாசிட்டில் 3 லட்சத்தை எடுத்து அசலில் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடன் என்றால் அபராதம் கிடையாது. கட்டினால் மட்டும் போதாது. சும்மா விட்டால் வங்கி பெரும்பாலும் மாதங்களைக் குறைத்துவிட்டுத் தவணையை அப்படியே வைத்திருக்கும். தவணையைக் குறையுங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆறில் ஒரு பங்கு அடைந்தால் தவணையும் ஆறில் ஒரு பங்கு குறையும், 17,900 ஆகும். மீதி 3 லட்சம் அவசரத்துக்கு. அதை வேறு எதற்கும் தொடக் கூடாது.

இப்போது கூட்டிப் பாருங்கள். தவணை 17,900, வீட்டுச் செலவு 30,000, பிள்ளைகளுக்கு 5,000, காப்பீட்டுக்கு மாதம் 4,000 எடுத்து வைக்க வேண்டும். மொத்தம் 56,900. கணவர் சம்பளத்தில் மிச்சம் 4,100. ஓடும். ஆனால் உங்கள் தாளில் தீபாவளி இல்லை. ஊர்த் திருவிழா இல்லை. மொய் இல்லை. வீட்டு வரி, வண்டி இன்ஷூரன்ஸ், மிக்ஸி ரிப்பேர் எதுவும் இல்லை. நம் வீடுகளில் ஆவணி, தை மாதங்களில் பத்திரிகைகள் வரிசையாக வந்து விழும், ஒவ்வொன்றுக்கும் ஆயிரம், இரண்டாயிரம். இதற்கெல்லாம் வருடம் 60,000 ஆகும் என்று வையுங்கள். முதல் வருடத்தைச் சேர்த்து வைத்த பணம் தாங்கும், இரண்டாவது வருடத்தை கிராஜுவிட்டி தாங்கும். அதற்குப் பிறகு?

அதனால் நீங்கள் முழுசாகச் சம்பாத்தியத்தை நிறுத்த வேண்டாம் என்பது என் எண்ணம். கணக்குத் தெரிந்தவர் நீங்கள். உங்கள் ஊரில் டேலி மென்பொருளில் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து தர ஆள் தேடும் சின்னப் பட்டறைகள் எத்தனையோ. 11ஆம் தேதி ஒரு படிவம், 20ஆம் தேதி ஒரு படிவம். இரண்டு மூன்று பட்டறை கிடைத்தால் மாதத்தில் ஏழெட்டு நாள் வேலை, அதுவும் காலையில் பிள்ளைகள் எழுவதற்கு முன். இப்போதிருந்தே நாலு பேரிடம் சொல்லி வையுங்கள்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். மனம் மாறினால் எட்டாம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அரசுப் பள்ளி எப்போதும் இருக்கிறது. இருந்தாலும் டி.சி. வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 14 வயது முடிந்ததும் என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம், சில ஆயிரங்களில் முடியும். வெளிநாட்டுப் பாடத்திட்டத் தேர்வு என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாகப் பல ஆயிரம் கேட்பார்கள். உங்கள் வருமானத்துக்கு முதல் வழிதான் பொருந்தும்.

கடைசியாக ஒன்று. கூச்சப்படாமல் இதை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். என் அம்மா கடுகு டப்பாவுக்குள் பணம் ஒளித்து வைப்பார். கடுகைத் தாளிக்கும்போது சில்லறையும் கரண்டியில் வரும். அப்பா நல்லவர்தான், கேட்டால் கொடுப்பார். ஆனால் கேட்க வேண்டியிருந்தது, ஒரு ஜாக்கெட் துணிக்கும் கூட. நீங்கள் அப்படிக் கேட்கும் நிலைக்குப் போகக் கூடாது. அந்த 4,100இல் 2,500 ரூபாய் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, தவணை பிடிப்பதற்கு முன்பே, அவர் கணக்கிலிருந்து உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குத் தானாக வரும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நவம்பரிலிருந்து அல்ல, இந்த ஜூன் முதல் தேதியிலிருந்தே.