மாதவிடாய் விளம்பரங்கள் பேசும் புரட்சியைப் பெண்கள் நம்புகிறார்களா?

பாதிதான் நம்புகிறார்கள் என்பேன். 2017 இல் பிரிட்டனின் பாடிஃபார்ம் நாப்கின் விளம்பரம், இரத்தத்துக்குப் பதிலாக வழக்கமாகக் காட்டும் நீலத் திரவத்தை விட்டுச் சிவப்பைக் காட்டியது. அது நேர்மையாகப் படலாம். போராட்டத்தையும் பொதி கட்டி விற்கிறார்களே என்று எரிச்சலும் வரலாம். இரண்டும் ஒரே பெண்ணுக்குள் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் சந்தேகம் இன்னும் கூடும். சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பிடித்து, வீடியோ எடுத்து, ஊரையே அழைக்கிறோம். அதே பிள்ளை நாப்கின் கேட்டால், கடைக்காரர் பத்திரிகைத்தாளில் சுற்றி, முகம் பாராமல் நீட்டுகிறார். 2014 இல் இந்தியாவில் விஸ்பர் நாப்கின் விளம்பரம், மாதவிடாய் நாட்களில் தொடக்கூடாது என்று விலக்கிய ஊறுகாயைத் தொடச் சொன்னது. எங்கள் வீடுகளிலோ சாமியறை வாசலில்தான் தடை.

அத்துடன் விலை! இலங்கையில் 2018 வரை இறக்குமதி நாப்கினுக்கு வரி 100 சதவீதத்துக்கும் மேல். வெட்கத்தை உடைக்கச் சொல்லும் நிறுவனம் விலையைப் பற்றி வாய் திறக்காவிட்டால், விளம்பரத்தை ரசித்துவிட்டு மலிவானதைத்தான் வாங்குவார்கள்.