அப்பாவுக்கு 2019-ல் வேலை போனது, மகள் மெக்கானிக்கல் கேட்கிறாள்

ஓசூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர் லாரி உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் பதினோரு வருடம் இருந்திருக்கிறார். 2019 ஆயுத பூஜைக்கு முன்பே "ஆர்டர் இல்லை, கூப்பிடும்போது வா" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கூப்பிடவே இல்லை. இப்போது மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டு மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று நிற்கிறாள். "அவர் பட்டது போதாதா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வருடம் என்ன நடந்தது என்பதை முழுசாகப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். உங்கள் ஊரிலேயே ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்டை எடுத்துக்கொள்வோம். 2018-19-ல் சுமார் 1.97 லட்சம் வண்டி விற்றார்கள். அடுத்த வருடம் அது 1.25 லட்சம். வருமானம் 29,000 கோடி ரூபாயிலிருந்து 17,500 கோடிக்கு வந்தது, அதாவது நாற்பது சதவீதம் குறைவு. லாபமோ 1,983 கோடியிலிருந்து 240 கோடி ஆனது. எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். ஏன் இப்படி என்று உங்கள் கணவரைக் கேட்டாலே சொல்வார். லேத் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஷெட் வாடகையும் வாங்கிய கடனுக்கு வட்டியும் கட்டித்தானே ஆகவேண்டும்? பெரிய ஆலைக்கும் அதே கணக்குதான்.

லாரி ஏன் விற்கவில்லை? 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகள் ஏற்றும் எடை வரம்பைக் கூட்டியது. மூன்று அச்சு லாரிக்கு மொத்த எடை 25 டன் என்றிருந்தது 28.5 டன் ஆனது. வண்டியின் சொந்த எடையை ஒன்பது டன் என்று வைத்துக்கொண்டால், முன்பு பதினாறு டன் ஏற்றிய லாரி இப்போது பத்தொன்பதரை டன் ஏற்றலாம். ஆறு லாரி செய்த வேலையை ஐந்து லாரி செய்துவிடும். ஒரு பேனா கையெழுத்தில் நாடு முழுக்க லாரிகள் உபரியாகிவிட்டன. அதே வருடம் செப்டம்பரில், உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குப் பணம் போடும் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தடுமாறியது. அதன் அதிர்ச்சியில் லாரிக்குக் கடன் கொடுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகள் கையை மூடிக்கொண்டன. 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-6 என்ற கடுமையான புகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட புது வண்டி மட்டும்தான் விற்கலாம் என்ற விதி வேறு வரவிருந்தது. சரக்கும் குறைந்த நேரத்தில் நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர் புது வண்டி எடுப்பாரா? இருப்பதை இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்றுதான் இருப்பார்.

2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் தன் ஆலைகளுக்கு வேலையில்லா நாட்களை அறிவித்தது. உத்தரகண்டின் பந்த்நகரில் 18 நாள், எண்ணூரில் 16, ஓசூரில் 5. ஐந்தே நாள்தானா என்று தோன்றும். ஆனால் இந்தத் தொழிலில் தாய்க் கம்பெனிக்குத் தும்மல் வந்தால் பட்டறைக்குக் காய்ச்சல். உள்ளே இருக்கும் ஸ்டாக் தீரும்வரை வெளியே புது ஆர்டர் போகாது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஓவர்டைம் போகும், கான்ட்ராக்ட் ஆளுக்கு வேலையே போகும், மூன்றாம் கட்டத்தில் ஜாப் ஆர்டர் எடுக்கும் ஷெட் பூட்டிக்கொள்ளும். உங்கள் கணவர் நின்ற படிக்கட்டு அது. அடி வாங்கியது அவர் கற்ற தொழில் இல்லை அம்மா, அவர் நின்றிருந்த இடம்.

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 2020-21-ல் கொரோனாவும் சேர்ந்து சுமார் ஒரு லட்சம் வண்டிதான் விற்றது, 314 கோடி நஷ்டம். அந்த மோசமான வருடத்தில்தான், 2020 ஜூனில், ஏவிடிஆர் என்ற புது லாரி வரிசையை இறக்கினார்கள். கேபின், என்ஜின், அச்சு எல்லாவற்றையும் தேவைக்கேற்ப மாற்றிக் கோக்கும் அமைப்பு. அதே செப்டம்பரில் படா தோஸ்த் என்ற சின்ன வண்டி. இரண்டும் ஒரு மாதத்தில் வரைந்து முடிக்கிற சமாச்சாரம் இல்லை. அசெம்பிளி லைன் நின்றிருந்த நாட்களிலும் டிசைன், டெஸ்டிங் பக்கம் ஆட்களுக்கு வேலை இருந்திருக்கிறது. 2022-23-ல் விற்பனை 1.92 லட்சத்துக்குத் திரும்பியது, 2024-25-ல் லாபம் 3,300 கோடி. 2008-09-லும் இதே கதைதான்: 83,000 வண்டி 54,000 ஆனது, பிறகு ஏறியது. லாரித் தொழில் ஏறும், இறங்கும். நாற்பது வருட வேலையில் உங்கள் மகள் நாலைந்து இறக்கமாவது பார்ப்பாள்.

கம்ப்யூட்டர் எடுத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறீர்கள். அங்கும் ஆட்குறைப்பு நடக்கிறது. பிடிக்காத பாடத்தை நாலு வருடம் படித்துவிட்டு அந்த வரிசையில் நிற்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மெக்கானிக்கல் எடுக்கட்டும். ஆனால் வெறும் மெக்கானிக்கலாக வெளியே வரக்கூடாது. பிஎஸ்-6 வந்த பிறகு லாரி என்ஜினில் சென்சாரும் கன்ட்ரோல் யூனிட்டும் ஏகப்பட்டது, மின்சாரப் பேருந்துகளும் வந்துவிட்டன. மூன்றாம் வருடத்துக்குள் வண்டி எலக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் புரோகிராமிங், ஒரு டிசைன் மென்பொருள் கைக்கு வரவேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷினை மாணவர்கள் தொடுகிறார்களா, கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். படிப்பு முடிந்ததும் தரமணியில் இருக்கும் மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சிக்கு முயற்சி செய்யலாம். நிரந்தர வேலைக்கு அது உத்தரவாதம் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டே போகட்டும். "பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த கிரீஸ் வேலை" என்று உங்கள் நாத்தனார் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஓசூரிலேயே பெண்கள் மட்டும் வேலை செய்யும் என்ஜின் லைன் ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. கவுன்சலிங்கில் கல்லூரி, பாட விருப்பப் பட்டியலை நிரப்புவதற்கு முன் ஒரு மாலை கணவரையும் மகளையும் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். அந்தப் பட்டறையில் எந்த மெஷின் முதலில் நின்றது, எது கடைசிவரை ஓடியது, அதை ஓட்டியவர் என்ன தெரிந்தவர் என்று அவள் கேட்கட்டும். அதைப் பட்டறையில் நின்றவரால்தான் சொல்ல முடியும், என்னால் முடியாது.