பதிவை எண்ணுவதும் ஆளை எண்ணுவதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி அறிவியல் முதுகலை படிக்கிறேன். பழைய ட்விட்டர் தொகுப்பு ஒன்றிலிருந்து, தேர்தல் சமயத்தில் எந்தக் கட்சியின் பெயர் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, மக்களின் மனநிலையைச் சொல்ல நினைக்கிறேன். பல லட்சம் பதிவுகள் கையில் இருக்கின்றன. ஆயிரம் பேரிடம் கேட்கும் கருத்துக்கணிப்பைவிட இது நம்பகமானதுதானே?

ர., கோவை

அன்புள்ள ர.,

இல்லை. ஜெர்மனியின் 2009 நாடாளுமன்றத் தேர்தலில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். டுமாஸ்யான் என்ற ஆய்வாளரின் குழு ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான ட்வீட்டுகளில் ஆறு கட்சிகளின் பெயர்களை எண்ணி, அந்த விகிதம் வாக்கு விகிதத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போவதாக 2010-ல் எழுதியது. யுங்ஹெர் என்ற இன்னொரு ஆய்வாளரும் அவரது சகாக்களும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். பட்டியலில் விடுபட்டிருந்த பைரேட் கட்சியையும் சேர்த்தார்கள். முதலிடம் அதற்குத்தான்! தேர்தலில் அது வாங்கியதோ 2 சதவீதம். இணையத் தணிக்கையை எதிர்த்துக் கிளம்பிய கட்சி, அதன் ஆட்கள் இணையத்திலேயே கிடந்தார்கள். சேகரிக்கும் நாள்களை நகர்த்தினாலும் பிழையின் அளவு மாறியது. ஆகவே கட்சிப் பட்டியலையும் தேதிகளையும் எண்ணத் தொடங்கும் முன்பே முடிவுசெய்து எழுதி வைத்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் தொகுப்பு ட்விட்டர் இலவசமாகத் தந்த 1 சதவீத மாதிரியா என்று பாருங்கள். ட்வீட்டின் அடையாள எண்ணை 2-இன் 22-ஆம் அடுக்கால் வகுத்து, தசமப் பகுதியை விட்டுவிட்டு, 1288834974657-ஐக் கூட்டினால் பதிவான நேரம் மில்லிவிநாடியில் கிடைக்கும். கடைசி மூன்று இலக்கங்கள் எல்லாவற்றிலும் 657 முதல் 666 வரைதான் என்றால், உங்களிடம் இருப்பது அந்த 1 சதவீத மாதிரித் தொகுப்புதான். ஒவ்வொரு விநாடியிலும் 10 மில்லிவிநாடிக்குள் வந்தவற்றை மட்டும் எடுத்தார்கள். மனிதக் கை அந்த இடைவெளியைக் குறிவைக்க முடியாது. நேரம் பார்த்துப் பதிவிடும் நிரலால் முடியும்; அதனால் அந்த மாதிரியைத் திட்டமிட்டுத் திரிக்கலாம். பெஃபர் என்ற ஆய்வாளரின் குழு 2018-ல் இதைக் காட்டியது.

பிறகு கணக்குவாரியாகத் தொகுத்து, ஆளுக்கு ஒன்று என்று எண்ணுங்கள். ரீட்வீட்டுகளைத் தனியே வையுங்கள். திட்டுகிறவரும் கட்சிப் பெயரைச் சொல்லித்தானே திட்டுவார்? குலுக்கலில் 500 பதிவுகளை எடுத்து, ஆதரவு, எதிர்ப்பு, வெறும் செய்தி என்று இருவர் தனித்தனியாகப் பிரிக்கட்டும். அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத கிண்டல் பதிவுகளில், தானாகப் பிரிக்கும் உங்கள் நிரலை நம்பாதீர்கள்.

கருத்துக்கணிப்பின் பலம் அந்த ஆயிரத்தில் இல்லை. அரசியலே பேசாதவரும் அதில் அகப்பட வாய்ப்பு உண்டு. உங்கள் தொகுப்பில் அவர் கிடையாது. ஆகவே மக்களின் மனநிலையைக் கேட்பதற்குப் பதிலாக, தலைவர்களின் தொலைக்காட்சி விவாதம் முடிந்த இரவில் எந்தப் பேச்சு, எந்தக் கணக்குகள் வழியாக, எவ்வளவு வேகத்தில் பரவியது என்று கேளுங்கள். அதற்கு முழுத் தொகுப்பு வேண்டும்; 1 சதவீத மாதிரியில், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற சங்கிலி அறுந்துபோகும்.