குமிழ் வந்தால் குற்றவாளி கார்புரேட்டர் அல்ல

கேள்வி: குலசேகரம் அருகே இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறேன். மார்கழியில் காடு வெட்டியபின் களை வெட்டும் பிரஷ் கட்டரை அப்படியே சாய்ப்பில் வைத்துவிட்டேன். ஆனி மழையில் களை இடுப்பளவு வந்துவிட்டது. பெட்ரோலை இழுக்க அழுத்தும் ரப்பர் குமிழான பிரைமர் பல்பை எத்தனை முறை அழுத்தினாலும் குமிழ் குமிழாகவே வருகிறது. ஒரு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. கார்புரேட்டர் போய்விட்டது, மாற்ற 2,500 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். மாற்றட்டுமா ஐயா?

பதில்: மாற்றாதீர்கள். அழுத்திய பல்ப் உள்வாங்கியபடியே நின்றால் வழி அடைத்திருக்கிறது, ஃபில்டரைப் பாருங்கள் என்பேன். உங்கள் பல்ப் எழும்பி வருகிறது, ஆனால் காற்றையும் சேர்த்து இழுக்கிறது. பெரும்பாலும் டேங்குக்குள் நுழையும் இடத்தில்தான் பெட்ரோல் டியூப் வெடித்திருக்கும். நேராக வைத்துப் பார்த்தால் கீறல் தெரியாது, வளைத்துப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் டியூபைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் சிரிஞ்சால் காற்றை ஏற்றுங்கள். வாயால் ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம். டியூப் நன்றாக இருந்தால் மட்டும் பல்பையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டையும் பாருங்கள்.

கார்புரேட்டரை மாற்றும் கடைக்காரர் கூடவே டியூபையும் மாற்றிவிடுவார். இயந்திரம் ஓடும். பழியும் பணமும் கார்புரேட்டர் கணக்கில் சேரும். இது எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: ஆறு மாதம் டேங்கில் என்ன இருந்தது? 'அப்படியே வைத்துவிட்டேன்' என்ற ஒரு சொல்லில்தான் நோய் இருக்கிறது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தான். பெட்ரோலோடு நாம் கலக்கும் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்) அந்த நீரில் கரையாது. அதை உறிஞ்சி ஓடும் பிஸ்டனுக்கு எண்ணெய்ப் பசையே கிடைக்காது, உரசிக் கீறிவிடும். டியூப் போனால் சிறு செலவு, பிஸ்டன் போனால் இயந்திரமே போயிற்று. பழைய பெட்ரோலோடு இனி ஒரு முறைகூடக் கயிற்றை இழுக்காதீர்கள்.

வேலை முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஓய்வு என்றால் டேங்கை வெளியிடத்தில் வைத்துக் காலி செய்யுங்கள். பிறகு இயந்திரத்தை ஓட்டித் தானாக நிற்கவிடுங்கள். இதை நான் பார்க்கும் ஒவ்வொரு விவசாயியிடமும் சொல்கிறேன், செய்பவர்கள் சிலரே. அன்றைய வேலைக்கு வேண்டிய பெட்ரோலில் மட்டும் ஆயிலைக் கலக்குங்கள். உங்கள் கையேடு 25:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில், 50:1 என்றால் 20 மில்லி. 'ஒரு மூடி ஊற்றினால் போதும்' என்று கடையில் சொல்வது அளவே அல்ல.

டியூப் வாங்க மார்த்தாண்டம் போனால் பழைய துண்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். உறிஞ்சும் டியூபும் திரும்பும் டியூபும் பல இயந்திரங்களில் வெவ்வேறு தடிமன். மீன் தொட்டி டியூபை மலிவாகத் தருவார்கள். பெட்ரோல் படப்பட விறைத்து வெடிக்கும், வாங்காதீர்கள். மாட்டும்போது ஃபில்டர் உள்ள டியூப் கார்புரேட்டருக்கும், ஃபில்டர் இல்லாதது பல்பிலிருந்து டேங்குக்கும் போகவேண்டும். மாறிப்போனால் நாள் முழுக்க அழுத்தினாலும் பெட்ரோல் ஏறாது.